பாதி மலைப் போர்வை

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், மழைக்காலம் ஆரம்பித்த நேரம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் ரூமில் எனக்கு வேலை. கம்ப்யூட்டரில் ஷூ வரைகிறவன் என்றால் பெண் கொடுக்க யோசிக்கிற காலம் அது. எனக்கு எப்படியோ கொடுத்துவிட்டார்கள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். என் மனைவி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் டிபன் பாக்ஸை மூடியும் மூடாமலும் ரயிலுக்கு ஓடுவாள். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், தோளில் இருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல், "அயர்லாந்துல வேலை கெடச்சிருச்சுங்க" என்றாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவு வேலையை நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. அங்கே மூன்று வருஷ ஒப்பந்தம். "போய்ட்டு வா" என்று சொன்னேன். சொன்னது வாய் மட்டும்தான். உள்ளுக்குள்ளே ஒரே பயம். போகிற இடம் பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? இதை வெளியே சொன்னால் சின்னத்தனமாகத் தெரியும் என்று விழுங்கிக்கொண்டேன். எனக்கு மனசில்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால் இரண்டு பேரும் வீட்டுக்குள் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டோம். புருஷனும் பெண்டாட்டியும் மரியாதையாகப் பேசிக்கொண்டால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

எங்களுடையது மாடி வீடு. படுக்கிற அறை ஜன்னலைத் திறந்தால் ஊருக்குப் பின்னால் இருக்கிற மலை தெரியும். அதில் விசேஷமாக ஒன்றுமில்லை, கல்லும் முள்ளுமான மலைதான். ஆனால் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் அது நீலமாகிவிடும். அடிவாரத்தில் ரயில் ஒன்று விளக்குகளோடு நகர்ந்து போகும். இவள் கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னாள்: "அங்க ஜன்னலத் தொறந்தா இன்னா தெரியுமோ."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் போர்வை யோசனை வந்தது.

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் கனமாக ஒன்றை வைத்து, அடியில் வேறொரு துணி கொடுத்தால் போர்வை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ரஜாய் என்பார்கள். ஷூவின் மேல்பாகமும் கிட்டத்தட்ட இதே வேலைதான். மேலே தோல், உள்ளே மெத்து, அடியில் லைனிங். என்னிடம் சாஃப்ட்வேர் இருக்கிறது, கை இருக்கிறது, வேறென்ன வேண்டும்? மேனேஜரிடம் கேட்டேன். "லஞ்ச் டைம்ல பண்ணிக்கோ, கம்பெனி தோலைத் தொடாதே" என்றார்.

இவள் வேண்டாம் என்று கட்டிவைத்த பழைய காட்டன் புடவைகள், என் இரண்டு சட்டை, அவளுடைய வெள்ளை யூனிஃபார்ம் புடவை ஒன்று, எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாக ஸ்கேனரின் கண்ணாடி மேல் விரித்து மூடினேன். பச்சை வெளிச்சம் துணிக்கு அடியில் மெதுவாக ஊர்ந்து போகும். கொஞ்ச நேரத்தில் அந்தப் புடவை திரையில் வந்து நிற்கும், நூல் நூலாக, கரையில் இருந்த மஞ்சள் கறையோடுகூட.

மதியம் பெல் அடித்ததும் மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிடும். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வருகிற அந்த அமைதியில் காது லேசாக மிதக்கிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் நான் மலை கட்டிக்கொண்டிருப்பேன். ஷூவின் மூக்குக்கும் குதிகாலுக்கும் கோடு போடுகிற அதே பேனாவால் பாறைகளுக்குக் கோடு போட்டேன். நாங்கள் முதன்முதலில் ஏலகிரி போனபோது இவள் கட்டியிருந்த நீலப் புடவையைப் பாறைக்குள் நிரப்பினேன். சாம்பல் நிறச் சட்டையை மேகத்துக்கு வைத்தேன், பிடிக்கவில்லை, ரயிலுக்கு மாற்றினேன். யூனிஃபார்ம் புடவை நிலா ஆயிற்று. ஒரு கிளிக்கில் மாலை விடியலாகும், இன்னொரு கிளிக்கில் மழை வரும். சாப்பாட்டையே மறந்து உட்கார்ந்திருப்பேன். சில நாள் வீட்டில் தூங்கும்போதும் கனவில் அந்த மலை வரும். அதன் மேல் நாங்கள் இருவரும் வெறுங்காலோடு நடப்போம், காலடியில் எல்லாம் துணி.

ஒரே ஒரு சங்கடம்தான். அங்கே தங்கப்போகிற ஹாஸ்டலில் கட்டில் ஒடுக்கமாக இருக்கும் என்று இவள் சொல்லியிருந்தாள். அந்த அகலத்துக்கு முழு மலையும் அடங்கவில்லை. சுருக்கிப் பார்த்தேன், கரையான் புற்று மாதிரி ஆகிவிட்டது. சரி போகட்டும் என்று மலை வலது ஓரத்தில் ஏறி, உச்சியிலேயே நின்றுபோகும்படி விட்டுவிட்டேன். பாதி மலையாக இருந்தாலும் நம் மலை.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷூ கம்பெனியில் 'ஒன்று' என்று எதுவுமே கிடையாது. எல்லாம் ஜோடிதான். இடது காலுக்கு ஒரு துண்டு வரைந்தால், வலது காலுக்கு அதன் கண்ணாடி பிம்பத்தை சாஃப்ட்வேரே போட்டு அச்சடித்துவிடும். கட்டிங்கிலும் லைனிங் துணியை முகத்தோடு முகம் மடித்துத்தான் வெட்டுவார்கள், ஒரே வெட்டில் இடதும் வலதும் வந்துவிடும். கட்டிங்கில் எனக்கு ஒரு தோஸ்த் இருந்தான். நான் அச்செடுத்து வெட்டிய அளவு அட்டைகளையும் புடவைகளையும் வாங்கிக்கொண்டு, தினமும் கேட்கிற கேள்வியைத்தான் அன்றைக்கும் கேட்டான்.

"எத்தினி ஜோடி வோணும்?"

நானும் தினமும் சொல்கிற மாதிரி யோசிக்காமல் சொன்னேன். "ஒரே ஒரு ஜோடிதான்."

ஞாயிற்றுக்கிழமை இவள் டூட்டிக்குப் போனபிறகு துண்டுகளைத் தரையில் பரப்பினேன். அச்செடுத்த படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்தேன். மலை வந்தது, ரயில் வந்தது, நிலா வந்தது. போர்வை முடிந்தது. ஆனால் மூட்டையில் இன்னும் அவ்வளவு துணி மிச்சம்! எடுத்து வைத்துப் பார்த்தால் எதுவும் உட்காரவில்லை. எல்லாம் திரும்பி நிற்கிறது. ரயில் எதிர்த்திசையில் போகிறது. அப்போதுதான் உறைத்தது. இடது போர்வை ஒன்று, வலது போர்வை ஒன்று வெட்டி வைத்திருக்கிறோம்! தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஸ்டிச்சிங்கில் இருந்த அக்காவிடம் கொண்டுபோனேன். வாணியம்பாடியிலிருந்து வருகிறவர், வீட்டில் ரஜாய் தைத்துப் பழக்கம், தைத்துத் தருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்த சிரிப்பில் அந்த லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இன்னா சார், போர்வைக்குக் கூடவா லெஃப்ட்டு ரைட்டு?"

"மானத்தை வாங்காதீங்கக்கா. இவ ஃப்ளைட் அடுத்த வாரம். ஒண்ணை மட்டும் தச்சிக் குடுங்க. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுர்றேன்."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். "தூக்கிப் போடாதீங்க. ரிஜெக்ட் வேற, ஒத்தை வேற."

அது எங்களுக்குத் தெரிந்த கணக்குதான். தையல் பிசகிய ஷூ கழிவுக்குப் போகும். ஜோடி இல்லாத நல்ல ஷூவை யாரும் கழிக்க மாட்டார்கள். பேக்கிங்கில் தனியாக ஒரு ராக் இருக்கும். அதன் ஜோடி தயாராகி வரும்வரை அது அங்கே காத்திருக்கும். திரும்பி நின்ற துண்டுகளை மடித்து வீட்டுப் பரண்மேல் போட்டேன்.

அக்காவும் கூட இருந்தவர்களும் மதிய நேரங்களில் கைமாற்றிக் கைமாற்றித் தைத்து, நடுவில் பழைய கம்பளி வைத்து முடித்துக் கொடுத்தார்கள். இவள் பிரித்துப் பார்த்தாள். நீலப் புடவையைத் தடவினாள். பெட்டியிலிருந்து இரண்டு ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் போர்வையை வைத்தாள். வலது போர்வையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. டிசைன் ரூம்காரன் என்று கெத்தாகத் திரிகிறவன் இதை எப்படிச் சொல்வது?

அவள் போன பிறகு வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது. வேலை முடிந்து வந்து ஜன்னலைத் திறந்தால் மலை இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. ஒருநாள் தாங்காமல் பரணிலிருந்து அந்த மூட்டையை இறக்கினேன். அக்காவிடம் தைக்கக் கொடுத்திருக்கலாம். ஏனோ நானே கையால் தைக்க வேண்டும் என்று தோன்றியது. மதியத்தில் கொண்டுபோய்க் காட்டினால் அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "நூலை அப்பிடி இழுக்காதீங்க சார், துணி சுருங்கிப் போவும்." எனக்குக் கை அப்படித்தான் போயிற்று. ஊசி குத்தும், நான் மலையைப் பார்ப்பேன், ஒரு ரயில் போகும், மறுபடி நாலு தையல். அங்கே அவள் ஜன்னலில் என்ன தெரிகிறதோ என்று நினைத்துக்கொண்டே தைத்தால், எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டதும் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி வீட்டுக்கு அவளுடைய போன் வரும். அங்கே அப்போது காலை, நைட் டூட்டி முடிந்து அறைக்கு வந்திருப்பாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு போனை எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அழுகை.

"இங்க விடியவே மாட்டேங்குதுங்க. டூட்டிக்குப் போனாலும் இருட்டு, வந்தாலும் இருட்டு. என்னால முடியல. நான் வந்துர்றேன்."

இதைத்தானே நான் இத்தனை நாளாக ஆசைப்பட்டேன்! 'வா' என்று ஓர் எழுத்து. நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் அடுத்த மாதமே வந்துவிடுவாள். வந்து, அந்த ஆசையை மனசுக்குள் மடித்து வைத்துவிட்டு, மறுபடி ரயிலுக்கு ஓடுவாள். அந்த எழுத்தை விழுங்கிவிட்டேன். அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"உங்க போர்வையைத்தான் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். மலை ஏன் பாதியில நின்னுபோச்சு? மீதி எங்க?"

"மீதி இங்க இருக்கு."

"இன்னாது?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜோடி, கட்டிங், திரும்பிப் போகிற ரயில், பரண். ஆன்ட்டி டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார். அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஐயோ ஏசப்பா! போர்வையில ஒரு ஜோடியா! தச்சு முடிச்சிட்டீங்களா?"

"எங்க... பாதி மலையில பாதிதான் ஆயிருக்கு."

தூரத்தில் யாரோ கதவைச் சாத்துவது கேட்டது.

"சரி. நீங்க அதை முடிங்க. நான் இதை முடிச்சிட்டு வர்றேன்."

போனை வைத்தேன். ஆன்ட்டி, "இன்னாப்பா, பொண்ணு வருதா?" என்று கேட்டார். "வருவா ஆன்ட்டி, லேட்டாவும்" என்றேன். அவள் வருவாள் என்று நான் மனசார நம்பியது அந்த நிமிஷத்தில்தான்.

ஒப்பந்தம் முடிந்து, ஒரு நல்ல வெயில் நாளில் அவள் வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்துக் கட்டிலில் இடது பக்கம் விரித்தாள். நான் என்னுடையதை வலது பக்கம் விரித்தேன். மூன்று வருஷமாக இரண்டு தேசத்தில் இருந்த மலை ஒன்றாயிற்று.

ஒன்றாயிற்று என்று சொல்கிறேனே தவிர, ஷூ கம்பெனிக்காரன் கண் சும்மா இருக்குமா? அவளுடைய பாதி, வெயில் படாத ஊரில் இருந்ததால் அதே கருநீலம். ஏதோ அறியாத சோப்பின் வாசனை. என் பாதி, மொட்டை மாடியில் துவைத்துக் காயப்போட்டுக் காயப்போட்டு வெளுத்துப் போயிருந்தது. நான் நூலை இழுத்துத் தைத்ததில் துணி சுருங்கி, உச்சி ஒரு விரற்கடை கீழே நின்றது. நிறம் சேரவில்லை, அளவும் சேரவில்லை. எங்கள் கம்பெனியில் இரண்டு தடவை ரிஜெக்ட் ஆகியிருக்க வேண்டிய ஜோடி.

அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னா சார், பாஸா ரிஜெக்டா?" என்றாள்.

"பாஸ்" என்றேன்.

இன்றைக்கும் மார்கழிக் குளிரில் அந்த இரண்டும் கட்டிலுக்கு வருகின்றன. என் பாதியின் தையலைப் பிரித்து இழுத்துவிட்டால் உச்சி சரியாகிவிடும், ஒரு மதிய வேலைதான். அவளும் சொன்னதில்லை, நானும் கை வைக்கவில்லை. அந்த மூன்று வருஷம் எங்கே போயிற்று என்று யாராவது எங்களைக் கேட்டால், மலை உச்சியில் இருக்கிற அந்த ஒரு விரற்கடையைத்தான் காட்டுவோம்.