சிகிரியா அடிவாரத்து அடுப்பு

டிசம்பர் லீவு வந்தால் எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து லொறி பிடித்துச் சிகிரியா மலைக்குப் போவோம். திட்டம் போடுவது நான்தான். எத்தனை மணிக்குப் புறப்படுவது, எத்தனை கொத்து அரிசி, சோறாக்க யார் வீட்டுக் கிடாரம் என்று பென்சிலால் எழுதி வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான்காவது வருடம் அதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி, “நான் வரலைங்க” என்றாள்.

“ஏன், மேலுக்கு முடியலையா?”

“மூணு வருஷமும் வந்தேன். குரங்கு சட்டியத் தூக்கிடும்னு கீழேயே இருந்து சோறாக்கினேன். அடுப்பு மூட்டுறதுக்கு அவ்வளவு தூரம் எதுக்குங்க? இங்கேயே மூட்டிக்கிறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. மலையில் உள்ள ஓவியங்களைப் பற்றி ஊரெல்லாம் அளந்தவன் நான். அவள் ஒரு படிகூட ஏறவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த முறை அவளைச் சம்மதிக்க வைத்துக் கூட்டிப்போய், பிள்ளைகளோடு மேலே அனுப்பிவிட்டு நான் அடுப்படியில் இருந்தேன். கண்ணெல்லாம் புகை. வாழைப்பழச் சீப்பைத் தூக்கிய குரங்கை விரட்டிவிட்டுத் திரும்புவதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது.

வியர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“உச்சியில இருந்து பார்த்தேங்க. நம்ம அடுப்புப் புகை மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. ஆளு தெரியல.”

மூன்று வருடமும் நானும் அங்கே நின்று அந்தப் புகையைப் பார்த்திருக்கிறேன். சோறு தயாராகிறது என்று மட்டுமே நினைத்திருக்கிறேன்.

தீய்ந்த சோற்றை அவள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த டிசம்பரில் பென்சிலை அவளிடமே கொடுத்தேன். ‘திருகோணமலை, கடல்’ என்று எழுதினாள். சாப்பாட்டுக்கு நேரே, ‘கடைப் பாணும் சம்பலும் போதும்’ என்று எழுதி, அழுத்தி ஒரு கோடும் போட்டாள்.