சோறு ஆறுது என்று ஊதினேன்

என் தம்பியின் கல்யாணத்தில், பெண் சர்ச்சுக்குள் நடந்து வரும்போது ட்ரம்பெட் ஊதப்போவது நான்தான் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். சர்ச் பேண்டில் ஏழு வருஷமாகக் கடைசி வரிசையில் நின்று ஊதுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? தம்பியோ எனக்குத் தெரியாமல் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கீபோர்டுக்காரரைப் பேசி வைத்திருந்தான்.

“அக்கா, நீ டைனிங் ஹால்ல சாப்பாட்ட பாத்துக்கோ. அது போதும்.”

“ஏன்டா, நான் ஊதினா பொண்ணு திரும்பி ஓடிடுமா?”

“அவ ஓடமாட்டா. அவங்க அப்பாதான் ஆட்டோ வருதுன்னு ஓரமா ஒதுங்கிடுவாரு.”

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. எனக்கு ரோஷத்துக்குப் பஞ்சமே கிடையாது. நாலாம் நாள் அவன் இறங்கி வந்தான். நான் ஊதலாம், ஆனால் கீபோர்டுக்காரர் பக்கத்தில் தயாராக உட்கார்ந்திருப்பார், சத்தம் பிசிறினால் உடனே அவர் வாசிக்க ஆரம்பித்துவிடுவார். இதைவிடப் பெரிய அவமானம் வேறென்ன வேண்டும்?

தினமும் மாலையில் மொட்டை மாடியில் ஊதித் தள்ளினேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கீழ் வீட்டுத் தோழி, தற்காப்புக்காக மேலே ஏறி வந்தாள். அவள் எங்கள் சர்ச்சில் பாடுகிறவள்.

“அத கீழ வை. மொதல்ல பாடு.”

“இது வார்த்தையில்லாத ட்யூன். எதப் பாடுறது?”

“நீயே ஏதாவது வார்த்தை போடு. யார்கிட்டயாவது பேசுற மாதிரி. சும்மா காத்தை அனுப்புனா யாருக்குப் போய்ச் சேரும்?”

அப்போது தம்பிமேல் இருந்த கடுப்பில் எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். எங்கள் மர்பி டவுன் சந்தில் கிரிக்கெட் ஆடுகிறவனைப் பள்ளிக்கூட நாளெல்லாம் நான் கூப்பிட்ட வரி: “டேய் தம்பீ, சாப்பிட வாடா, சோறு ஆறுது.” அம்மா வேலைக்குப் போய்விடுவாள், அவனுக்குச் சோறு போடுவது என் பொறுப்பு. ஒரே தடவை கூப்பிட்டதும் அவன் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

சொல்லிப் பார்த்தேன், பாடினேன், அப்புறம் ஊதினேன். தோழி முகத்தைச் சுளித்தாள்.

“அடிக்கக் கூப்பிடுற மாதிரி இருக்கு. எவன் வருவான்?”

நியாயம்தான். பசியோடு இருப்பானே என்று நினைத்துப் பாடிப் பார்த்தேன். ‘வாடா’வில் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. ‘சோறு’க்கு முன்னால் மூச்சு தானாக வந்து நின்றது, அதுவரை நான் கண்ட இடத்தில் மூச்சு வாங்கி ட்யூனைக் கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். அதையே ட்ரம்பெட்டில் ஊதினேன். எதிர்வீட்டு நாய் அன்றைக்குக் குரைக்கவில்லை. அதை நான் விருதாகவே எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று சர்ச்சின் மேல்தளத்தில் நின்றேன். பக்கத்தில் கீபோர்டுக்காரர் கட்டைகள்மேல் விரலை வைத்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பீடத்தின் முன்னால் தம்பி, கோட்டு சூட்டில். வாசலில் பெண்ணும் அவள் அப்பாவும். எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் வார்த்தையைச் சொல்லி ஊதினேன். என்ன வார்த்தை என்று தம்பியிடம் நான் சொன்னதே இல்லை.

‘வாடா’வை நீட்டி முடித்துக் கண்ணைத் திறந்தபோது கீபோர்டுக்காரர் கையை மடியில் வைத்திருந்தார். வாசலையே பார்த்திருக்க வேண்டிய மாப்பிள்ளை, அண்ணாந்து மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வரேங்க்கா” என்றான், பாதி சர்ச்சுக்குக் கேட்கும்படி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. உதட்டை இறுக்கிப் பிடித்து மிச்சத்தை ஊதி முடித்தேன். அத்தனை வருஷத்தில் அவன் ஒரே தடவை கூப்பிட்டதும் பதில் சொன்னது அன்றுதான்.