துவக்கின் நெற்றிப் பொட்டு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். சலவை இயந்திரத்துக்கு வைத்தார். பழைய கார் வாங்கியபோது அதற்கும் வைத்தார். கணினிக்கு வைத்த பொட்டு காய்ந்து விசைப்பலகைக்குள் விழுந்து, கொஞ்சக் காலம் ஓர் எழுத்து வேலை செய்யவில்லை. எனவே துவக்குக்கும், அதாவது வேட்டைத் துப்பாக்கிக்கும், அவர் பொட்டு வைத்தபோது, பதினொரு வயதுப் பெண்ணான எனக்கு அது விசேஷமாகத் தெரியவில்லை.

துவக்கு எங்களுடையது அல்ல. அப்பா ஒஸ்லோவில் ஒரு பொருட் களஞ்சியத்தில் வேலை செய்தார். கோடை முடிந்தால் அங்கே மதிய உணவு மேசையில் ஒரே கதைதான்: எல்க் வேட்டை. எல்க் என்பது குதிரையளவு உயரமான மான். ஆறு வருடமாக அப்பா அந்த மேசையில் தன் பாண் ரொட்டியைச் சாப்பிட்டபடி, மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவர்களுடைய வேட்டைக் குழுவில் ஓர் இடம் காலியானது. நீயும் வாயேன் என்று கேட்டார்கள். அப்பா அன்றிரவு இரண்டு தரம் அதை எங்களுக்குச் சொன்னார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மான்தானே? மாட்டுச் சாதி இல்லைத்தானே?"

அப்பா வகுப்புக்குப் போய் எழுத்துப் பரீட்சையில் தேறினார். மிஞ்சியது சுடும் பரீட்சை. நூறு மீற்றர் தூரத்தில் நிற்கும் எல்க் படத்தின் நெஞ்சில் ஒரு வட்டம். ஐந்து வெடியும் அதற்குள் விழவேண்டும்.

அந்த வருடத்தின் கடைசிப் பரீட்சை நாளன்று காலை, அப்பாவின் வேலைத் தோழர் புருசெத் பகுதியில் இருந்த எங்கள் மாடி வீட்டுக்கு வந்தார். துவக்கைக் காருக்குள் தனியே விட்டு வரச் சட்டம் விடாது என்பதால், அதையும் மூன்றாம் மாடிவரை தூக்கிக்கொண்டு வந்தார். போரில் தோற்ற ஜேர்மன்காரர் விட்டுப்போன துவக்கு அது, தன் தகப்பன் வாங்கி வைத்தது என்று உறையைத் திறந்து காட்டினார். அம்மா தேநீரை வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

துவக்குக்கு நெற்றி எது என்று அவர் சற்று யோசித்தார். குழலின் நுனியில், குறி பார்ப்பதற்காகச் சிறிய இரும்புத் தகடு ஒன்று நிமிர்ந்து நின்றது. அதுதான் என்று முடிவு செய்தார்.

"இஞ்சாரும், அந்தாள் என்ன நினைக்கும்?" என்றார் அப்பா.

"நல்லதாத்தான் நினைக்கும். நீங்கள் சும்மா இருங்கோ."

தோழர் சிரித்து, துவக்கின் சார்பில் தலை வணங்கினார்.

அம்மாவுக்கு அன்று வேலை இருந்ததால் சுடும் இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். காதை மூடும் கருவியோடு அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் பழகுவதற்காகச் சுட்ட ஐந்தும் வட்டத்துக்கு இடப்பக்கம் போயின. தோழர் சுட்டுப் பார்த்தார். அவருக்கும் அப்படியே. இந்தத் துவக்கு ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை என்று முணுமுணுத்தபடி சிறிய சுத்தியலையும் பித்தளைத் துண்டையும் எடுத்து, நுனித் தகட்டை இடப்பக்கமாகத் தட்டினார்.

"வெடி இடப்பக்கம் போகுது. இவர் இன்னும் அங்காலை எல்லோ தட்டுறார்" என்று அப்பா என்னிடம் தமிழில் சொன்னார். முன்தகட்டை வெடி போகும் பக்கமே நகர்த்தவேண்டும், அப்போதுதான் குழல் மறுபக்கம் திரும்பும் என்று தோழர் விரலால் காட்டி விளக்கினார். அவர் சொன்னது சரி. அடுத்த பத்து வெடியும் வட்டத்துக்குள் விழுந்தன. தோழர் அப்பாவின் முதுகில் அறைந்தார்.

பரீட்சையில் அப்பாவின் முறை வருவதற்குள் மழை தூறியது. இரவல் பொருள் நனைகிறதே என்று அப்பா கைக்குட்டையால் துவக்கை அடிமுதல் நுனிவரை துடைத்தார். பிறகு பாயில் படுத்துச் சுட்டார். மூன்று வட்டத்துக்குள். இரண்டு வலப்பக்கம் வெளியே.

கைக்குட்டை பாயில் கிடந்தது. அதில் மஞ்சளாக ஒரு கோடு. துவக்கை உறைக்குள் இட்டபோது இழுபட்டு, தகட்டின் வலப்பக்கம் படையாகக் காய்ந்திருந்த சந்தனம் அது. குறி பார்ப்பவருக்குத் தகடு கறுப்பாகத்தான் தெரியும் என்பதால் இருவருமே கவனிக்கவில்லை. தகட்டின் நடு எது என்பதை அந்தச் சந்தனம் மாற்றியிருந்தது. அதற்கேற்பத்தான் தோழர் தட்டியிருந்தார்; சந்தனம் போனதும் வெடி வலப்பக்கம் விலகிவிட்டது. நான் கைக்குட்டையை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், நுனியைப் பார்த்தார்.

பரீட்சை நடத்தும் பெண் தாளோடு வந்தார். துவக்கில் ஏதும் பிழையா என்று கேட்டார். பிழையென்றால் திருத்திவிட்டு இன்னொரு முறை சுடலாம். இல்லையென்றால் இந்த வருடத்துக்கு இவ்வளவுதான்.

அந்நியர் முன்னால் வாய் திறக்காத நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். "சொல்லுங்கோவன் அப்பா."

அப்பா மஞ்சள் உள்ளே போகும்படி கைக்குட்டையை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். துவக்கில் பிழையில்லை, என் கைதான் நடுங்கிவிட்டது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

திரும்பும்போது காரில், தகட்டைப் பழைய இடத்துக்கே தட்டிவிடு என்று தோழரிடம் மெதுவாகச் சொன்னார். தோழர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

அம்மா வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார். "என்ன மாதிரி?"

"தவறிப்போச்சு."

அம்மாவின் முகம் வாடியது. "நான் பொட்டு வைச்சுமோ?"

"உம்மடை பொட்டு இருக்குமட்டும் பத்து வெடி தொடர்ந்து பட்டது. பேந்துதான் மழை வந்திட்டுது."

"பாத்தீங்களே! நான் என்ன சும்மாவே வைக்கிறனான்?" என்றபடி அம்மா சமைக்கக் குசினிக்குள் போனார்.

சுடும் இடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. அப்பா ஒரே நாளில் இரண்டு பொய் சொல்லிவிட்டார் என்று அன்று நான் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன்.