பழகின சாப்பாடு

ராமலட்சுமிக்கு இடது மணிக்கட்டு கொஞ்சம் வளைந்திருக்கும். கொழுந்து எடுக்கும் வேலையில் இருந்தபோது சரிவில் விழுந்து உடைந்தது, கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு தேயிலைக் கத்திரியை இரண்டு கையாலும் பிடிக்க முடியவில்லை. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவரைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டது. மூணாறிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் வருகிற எஸ்டேட் பள்ளி அது. அங்கே பத்தொன்பது ஆண்டுகள் மதியச் சோறு ஆக்கினார். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

போன நவம்பரில் அந்த வட்டாரத்தின் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவம் அங்கே நடந்தது. மூன்று நாள், ஐந்து மேடை, நாற்பது பள்ளிகள். ஒரு வேளைக்கு ஆயிரத்து இருநூறு இலை. மைதானத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அதை ராமலட்சுமியின் பொறுப்பில் விட்டார்கள். உதவிக்கு நான்கு பெண்கள்.

செய்தி எடுக்கும் பொறுப்பு பள்ளியின் கேமரா கிளப்புக்கு. இரண்டு கேமரா, இரண்டு மெமரி கார்டு, ஒரு லேப்டாப். மணிக்கு ஒரு வீடியோ கலோத்சவத்தின் இணையப் பக்கத்தில் ஏற வேண்டும், நாற்பது நொடிக்கு மேல் போகக்கூடாது, மலையாளத்தில் எழுத்து ஓட வேண்டும். கார்டு இரண்டே இருந்ததால் அன்றன்று சாயங்காலம் அழித்துவிட்டு மறுநாளைக்குத் தயார் செய்வார்கள். கிளப்பின் பொறுப்பாசிரியை ஜோமோள். ஒன்பதாம் வகுப்பு தமிழ்ப்ரியாவுக்குச் சமையல் கொட்டகை ஒதுக்கப்பட்டது. ராமலட்சுமி வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, அதே லயத்து வரிசையில்தான் அவள் வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர் கையால் சாப்பிட்டவள்.

இரண்டாம் நாள் பதினொன்றரை மணி.

"ஏட்டி பிரியா, அந்தக் கருமத்த மூஞ்சிக்கு நேரா நீட்டாத. அடுப்படியில நின்னு கரிச்சட்டி மாதிரி இருக்கேன்."

"நல்லாத்தான் இருக்கீங்க பெரியம்மா. கேமராவப் பாக்காதீங்க, என்னையப் பாருங்க."

"உன்னையத்தான் தெனமும் பாக்கேனே. ரெண்டாந்தரம் சோறு கேட்டு முத ஆளா நிப்பியே."

உதவிக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். தமிழ்ப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்வியைக் கேட்டாள். "ஆயிரத்து இருநூறு பேருக்குச் சமைக்கீங்க. எல்லாம் வெளியூருப் பிள்ளைக. பயமா இல்லையா?"

"என்னத்துக்குப் பயம்? இன்னிக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. எல்லாம் பழகின சாப்பாடுதான். சோறு, சாம்பாரு, கோஸ் தோரன், மோரு. பழகினதுன்னா பிள்ளைக வயிறு ஒண்ணும் சொல்லாது. விடியமுன்ன நாலு மணிக்கு அடுப்பு பத்த வச்சு, இந்தா இப்பத்தான் எறக்கினேன். தொட்டுப் பாரு, கை பொத்துப் போகும்."

நாற்பது நொடிக்கு அது அதிகம். 'பழகின சாப்பாடுதான்' என்ற இடத்தில் தமிழ்ப்ரியா வெட்டினாள். சாம்பாரைக் கிளறும் காட்சியோடு நன்றாக முடிந்தது. ஒப்பனா நடனம் நடந்த மேடையில் நின்றிருந்த ஜோமோள் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"மோளே, பன்னெண்டு மணிக்கு கேற்றணும். கழிஞ்ஞோ?" பன்னிரண்டுக்கு ஏற்ற வேண்டும், முடிந்ததா என்றார்.

"கழிஞ்ஞு டீச்சர். எழுத்து மட்டும் பாக்கி."

"வேகம், வேகம்."

மூன்று நிமிடத்தில் எழுதினாள். காதில் தமிழ் ஓடியது, விரல் மலையாளம் அடித்தது. 'இன்னு புதியது ஒன்னுமில்லா. எல்லாம் பழகிய பக்ஷணம்.'

தமிழில் பழகியது என்றால் கைக்கும் வாய்க்கும் பழக்கமானது. மலையாளத்தில் பக்ஷணம் என்றால் சாப்பாடு; 'பழகிய' என்றால் நாள்பட்டது, ஊசிப்போனது. ஓட்டல் சோதனைச் செய்திகளில் அடிக்கடி வருகிற சொல். இது தமிழ்ப்ரியாவுக்குத் தெரியாதது அல்ல. ஆறு வருடம் மலையாளம் படித்தவள், பரீட்சையில் கேட்டால் சரியாக எழுதுவாள். அந்த மூன்று நிமிடத்தில் தெரியவில்லை. ஜோமோள் டீச்சர் மேடை இரைச்சலுக்கு நடுவே படத்தைப் பார்த்து, எழுத்தைப் பார்க்காமல் சரி என்றார்.

இரண்டரை மணிக்கு நான்காம் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அடுத்து ஒரு நடனக் குழுவே உட்கார்ந்துவிட்டது. பதினான்கு பேரை ஜீப்பில் மூணாறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, மறுநாள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். ஆனால் அதற்குள் யாரோ ஒருவர் கலோத்சவ இணையப் பக்கத்தில் அந்த வீடியோவைக் கண்டுபிடித்திருந்தார். ஒன்பது நொடியாக நறுக்கி, ராமலட்சுமியின் குரலை எடுத்துவிட்டு ஆம்புலன்ஸ் சைரன் சத்தத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டார். குரல் இல்லை, எழுத்து இருந்தது.

ராமலட்சுமியின் மகன் பூபதிராஜா மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் ஒருவன் கேட்டான்: "டேய் பூபதி, உங்கம்மாகிட்ட போன வாரத்துச் சாம்பாரு ஒரு பார்சல் சொல்லேன்." உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தார். வண்டிக் கதவு இடித்துவிட்டது என்றார்.

"நீ எதுக்கும்மா கேமரா முன்னாடி வாயக் குடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லதுதானடா சொன்னேன்."

சைரன் வைத்த வீடியோவைத்தான் மகனும் பார்த்திருந்தார். அம்மா ஏதோ சலிப்பில் உளறிவிட்டாள் என்று நினைத்தார்.

தமிழ்ப்ரியாவின் அப்பா போனுக்கும் அது வந்தது. தான் அடித்த எழுத்தை அப்போதுதான் அவள் படித்தாள். டீச்சரைக் கூப்பிட்டு அழுதாள். "நீ ஒன்னும் மிண்டண்டா மோளே, ஞான் பறயாம்" என்றார் ஜோமோள். நீ வாய் திறக்காதே, நான் சொல்கிறேன் என்று அர்த்தம். இணையப் பக்கத்திலிருந்து வீடியோவை அவர் நீக்கிவிட்டார். நீக்கியதால் மறைக்கிறார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. கார்டு அன்று சாயங்காலமே வழக்கம்போல அழிக்கப்பட்டு, மூன்றாம் நாள் பரதநாட்டியத்துக்குத் தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, தலைமை ஆசிரியர் அறையில் விசாரணை. வந்த அதிகாரி மலையாளி, பொறுமையாகத்தான் கேட்டார்.

"எல்லாம் பழகிய பக்ஷணம் என்னு நிங்கள் பறஞ்ஞோ?"

ராமலட்சுமிக்குக் கடைவீதி மலையாளம் தெரியும். ஊசிப்போனதை அங்கே 'வளிச்சது' என்பார்கள். பேப்பரில் வருகிற சொல் அவர் சமையலறைக்கு வந்ததே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா சார், நாந்தான் சொன்னேன். எப்பவும் அதான் போடுவேன். பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது."

அதிகாரி பேனாவை நிறுத்தி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். மலையாளத்தில் எழுதிய தாளை நீட்டினார். ராமலட்சுமி தமிழில் கையெழுத்துப் போட்டார். சுவர் ஓரமாக நின்றிருந்த ஜோமோள் டீச்சர் எதுவும் சொல்லவில்லை. கிளப்பைக் கலைத்துவிடுவார்கள், பிள்ளையின் பெயர் வெளியே வரும் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். அன்று மதியம் சமையல் கொட்டகைக்கு ராமலட்சுமியை விடவில்லை.

தமிழ்ப்ரியா ஒரு நாள் பொறுத்தாள். அடுத்த நாள் ராமலட்சுமியின் வாசலில் போய் நின்றாள்.

"பெரியம்மா, நீங்க சொன்னது தப்பில்ல. நான் எழுதினதுதான் தப்பு."

சொல்லி முடிக்கும்வரை ராமலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப அந்த சார்கிட்ட நான் என்னத்துக்குட்டி கையெழுத்துப் போட்டேன்?"

அதிகாரியைப் பார்க்க இந்த முறை ஜோமோள் டீச்சரும் கூடப் போனார். தன் தவறையும் சேர்த்து இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதிகாரி படித்தார். முழு வீடியோ எங்கே என்றார். நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைத்த பேச்சு, தொட்டுப் பார் என்ற பேச்சு, எல்லாம் அதில்தானே இருக்கும்? கார்டு அழித்தாயிற்று என்றார்கள். கோப்பைத் திறந்து காட்டினார். "இவருடெ மொழி இவிடெ உண்டல்லோ டீச்சரே." மலையாளத்தில் வாக்குமூலத்துக்குப் பெயர் மொழி.

டிசம்பர் கடைசியில் உணவு, தண்ணீர் மாதிரிகளின் சோதனை முடிவு வந்தது. சோற்றிலும் சாம்பாரிலும் கெடுதல் எதுவும் இல்லை. நான்காம் மேடைக்குப் பக்கத்தில் குடிப்பதற்கு வைத்திருந்த நீலத் தொட்டித் தண்ணீரில் இருந்தது. அதற்குள் பள்ளிச் சமையலறையில் வேறு ஒருவர் இருந்தார், பிள்ளைகள் அவர் கைக்கும் பழகிவிட்டிருந்தார்கள். முடிவைக் காட்டிக் கேட்டதற்கு, வாக்குமூலம் கொடுத்தவரைத் திரும்ப எடுக்க வழியில்லை என்று பதில் வந்தது. கிளப் ஒரு திருத்த வீடியோ போட்டது. அறுபத்திரண்டு பேர் பார்த்தார்கள்.

ராமலட்சுமி இப்போது ஒரு ஹோம்ஸ்டேயில் பாத்திரம் கழுவுகிறார். சமைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். முதலாளிக்கு அந்த முகம் தெரிந்திருந்தது. வேண்டாம் என்றார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்ரியாவை அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்தப் படத்த நான் இன்னும் பாக்கவே இல்ல. காட்டு."

சைரன் சத்தத்தை அடக்கிவிட்டு அவள் காட்டினாள். ராமலட்சுமி போனைக் கிட்டே வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"பதம் பாரு. சாம்பாரு எப்படிக் கொதிக்குது பாரு," என்றார். பிறகு, "பத்தொம்பது வருசத்துல ஒருத்தரும் என்னைய அடுப்புகிட்ட வச்சு ஒரு போட்டோ எடுத்ததில்ல. இது ஒண்ணுதான் இருக்கு. எழுத்த மட்டும் அழிச்சுட்டு பூபதி போன்ல ஏத்திக் குடு."

எழுத்து இல்லாத படம் எங்கும் இல்லை. தமிழ்ப்ரியா அதைச் சொல்லவில்லை. திண்டாடித் திண்டாடி அடியில் ஒரு கறுப்புப் பட்டை வைத்து மறைத்துக் கொடுத்தாள். எழுத்து போனது. அதோடு சாம்பார் அண்டாவும், கரண்டி பிடித்த கையும், கரித்துணியால் அண்டாவைப் பிடித்திருந்த வளைந்த மணிக்கட்டும் பட்டைக்குள் போய்விட்டன. முகம் மட்டும் இருந்தது. ராமலட்சுமி அதை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல நான் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு யாருக்குட்டி தெரியும்?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.