மூளைக்கல்லின் அழுக்கு

மட்டாஞ்சேரியில் எங்கள் பழம்பொருள் கடைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மூளைக்கல்லை முட்டுக்கொடுத்திருக்கிறோம். மூளைப் பவளத்தின் எலும்புக்கூடு அது. பவளம் விற்கத் தடை வருவதற்கு முன்பிருந்தே அங்கே கிடக்கிறது. விற்பனைக்கில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதன் மடிப்புகளில் தெருத்தூசி அப்படி ஏறும். ஒவ்வொரு பெருநாளுக்கு முன்பும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன். பளீரென்று வெளுத்தால்தான் எனக்கு நிம்மதி.

அக்காவை லட்சத்தீவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சான் சுற்றுலாக்காரர்களுக்குக் கடலடியைக் காட்ட, அடியில் கண்ணாடி பதித்த படகு ஓட்டுகிறார். அது கடைசியாக நிற்கும் இடத்தில் ஆட்டோ அளவுக்கு ஒரு மூளைப் பவளம். அதைக் காட்டித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பழுப்பும் பச்சையுமாக, தேய்க்காத அண்டா போல இருந்தது. "இவ்வளவு அழுக்கா?" என்றேன். மச்சான் சிரித்தார்.

போன கோடையில் மறுபடி போனேன். அதே பவளம் முழுக்க வெள்ளையாகியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பத்தான் மச்சான் லட்சணமா இருக்கு! யாரு தேய்ச்சா?"

அவர் இன்ஜினை நிறுத்தினார். "அது சொகமில்லாம கிடக்குது மோளே."

பிறகுதான் விளக்கினார். கல் போலத் தெரிவது ஆயிரக்கணக்கான சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. பள்ளங்களில் அவற்றின் வாய்கள். ஒரு வருஷத்தில் ஓர் அரிசி நீளம் வளர்ந்தால் அதிகம். நான் அழுக்கு என்றது அவற்றின் சதைக்குள் குடியிருக்கும் பாசி. வெயிலில் சமைத்து அதுதான் பவளத்துக்குச் சோறு போடுகிறது. அதனால்தான் வெளிச்சம் இறங்கும் தெளிந்த கடலில் இவை வாழ்கின்றன. நம் கொச்சிக் காயலின் கலங்கலில் பிழைக்காது. தண்ணீர் அளவு மீறிச் சுட்டால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். கண்ணாடி போன்ற சதை வழியே எலும்பு வெள்ளையாகத் தெரியும். உயிர் இருக்கும், பட்டினியாக. சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லாவிட்டால் எங்கள் கடைக்கல்தான்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மழைக்காலத்தில் பித்தளைக்குக் களிம்பு ஏறும், மரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். நான் மழையைத் திட்டாத வருஷமில்லை. அந்த வருஷம் மழை வரச்சொல்லி துவா கேட்டேன். வந்தது. கடல் கொந்தளித்ததால் மச்சானால் படகை இறக்க முடியவில்லை. அக்கா பேசும்போதெல்லாம் விலைவாசியைத்தான் சொன்னாள். பவளத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மழை ஓய்ந்த பிறகு ஒரு மதியம் மச்சானே கூப்பிட்டார். கதவோரம் நின்று போனை எடுத்தேன்.

"பாதி செத்துப்போச்சு மோளே. மத்தப் பாதியில உன்னோட அழுக்கு திரும்பி வந்திருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்குள் யாரோ குத்துவிளக்கைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதா?" என்றார் மச்சான். "தேய்க்கதுக்கு மட்டும் வந்துராதே."