பதினேழாவது வால்

நம்பினால் நம்புங்கள். இல்லையென்றால் என் வலது மணிக்கட்டில் ஊசியால் குத்திப் பாருங்கள். ‘ஆ’ என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

மருந்து ஆய்வகத்தில் எனக்கு வால் ஒட்டும் வேலை. நாக்கை மரக்க வைக்கும் ஒரு வேர். அதிலிருந்து எடுத்த மூலக்கூறின் வாலை, அதாவது நுனியில் இருக்கும் அணுச்சங்கிலியை, வெட்டிவிட்டு வேறு வால் ஒட்டுவேன். வால் நீண்டால் மரப்பும் நீளும். பதினாறு வால்கள் பாழ். பதினேழாவது சோதனைக் குழாயில் தேறியது. எலிகளுக்கு இன்னும் கொடுக்கவில்லை. அதற்குள் எங்கள் இயக்குநர், பணம் போடுகிறவர்களை வரவழைத்துவிட்டார்.

“நாலு மணிக்கு எல்லார் முன்னாலயும் நாக்குல ஒரு சொட்டு விட்டுக்கப்பா.”

“எலிக்கே இன்னும் குடுக்கல சார்…”

“சுத்த மூலிகைப்பா! பயப்படலாமா?”

“அப்ப நீங்களே விட்டுக்கலாமே சார்?”

“அப்புறம் யாரு பேசுறது?”

முகம் சுளிக்காமல் இருக்க, முன்னதாக ஒருமுறை விட்டுப் பார்க்கச் சொன்னார். மணி மூன்று. ஆய்வகத்தில் நான் மட்டும். நல்ல வெயில். புதுப் பெட்டியைப் பிரித்துக் கையுறை எடுத்தேன். கையை நுழைத்தேன்.

உள்ளே கதகதப்பு… யாரோ அப்போதுதான் கழற்றியதுபோல.

பின்னால் என் நாற்காலி ‘கிரீச்’ என்றது. யாரும் இல்லை.

சொட்டுக் குழாயை உயர்த்தினேன். கை மோவாய்க்குக் கீழேயே நின்றுவிட்டது. ஒரு சொட்டு கையுறை மறைக்காத மணிக்கட்டில் விழுந்தது. மரத்தது. இழுத்தேன். கை வரவில்லை.

எதிரே கண்ணாடிக் கதவு. அதில் என் கை தெரிந்தது.

அதைப் பிடித்திருந்த கையும்.

கையுறை போட்ட கை… முழங்கைக்கு மேல் ஒன்றுமில்லை.

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பயம்கூட.

‘டிங்’. குழாய் விழுந்து உடைந்தது. மணி 3:12.

இயக்குநர் என்னைத் திட்டிவிட்டு, வந்தவர்களுக்குப் படம் போட்டுக் காட்டி அனுப்பினார். மறுவாரம் எலிகளுக்குக் கொடுத்தோம். துடிக்கவில்லை. மூச்சு விடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டன.

பக்கத்து மேசை அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“உனக்கு முன்னால அந்த நாற்காலியில ஒரு பொண்ணு இருந்தா. அவளும் அவ ஒட்டுன வால்ல ஒரு சொட்டு விட்டுக்கிட்டா. சார் சொல்லித்தான்.”

“நீண்ட விடுப்புன்னாரேக்கா?”

“ஆமா. திரும்பி வராத விடுப்பு.”

ஒரு மணி நேரத்தில் தெளிந்திருக்க வேண்டும். இரண்டு வருடமாகிறது. மணிக்கட்டு இன்னும் மரத்தே கிடக்கிறது.

அவள் கையை எடுத்துவிட்டாளா… இல்லையா…?

கண்ணாடி முன்னால் நிற்கும்போது, வலது கையைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.