நாலரை மணிச் சங்கின் இடம்

சென்ற வாரம் என் மகள் கைப்பேசியில் சுதிப்பெட்டிச் செயலியைத் திறந்துவைத்து சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தாள். சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த நான், அறியாமலே கூடச் சேர்ந்துகொண்டேன். அவள் பாட்டை நிறுத்தினாள்.

"அம்மா, நீ வேற எங்கியோ பாடற. போன் சொல்றதக் கேளு."

வயது ஏழு, பிறர் தவறைக் கண்டுபிடிப்பதில் என்னையே உரித்து வைத்திருக்கிறாள். கேட்டேன். போன் சொன்னது ஓரிடம். என் தொண்டை நின்றது அதற்குச் சற்று மேலே. இறக்கிப் பார்த்தேன். கொஞ்சம் அசந்ததும் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டது. வெங்காயம் கருகி, அந்த வாசனை வீடெங்கும் பரவிய பிறகுதான் அது எந்த இடம் என்று புரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மாலையில் இறங்கிவரும் வறண்ட, லேசாகத் தீய்ந்த வாசனைக்கும் அந்தச் சுரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் எங்களை வந்தடைந்தவை.

இப்போது நான் இருப்பது பாலக்காட்டுக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில். வளர்ந்தது ஏலப்பாறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். அங்கே குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தவர் ஞானம் டீச்சர். டீச்சர் என்பது நாங்கள் கொடுத்த பதவி. தோட்டத்துப் பதிவேட்டில் அவர் ஆயாதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். ஊரில் ஒரு வித்துவானிடம் பாட்டை முறையாகக் கற்றவர். கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவரால் முடியவே முடியாது. தொட்டிலில் கதறும் குழந்தையைப் பார்த்துக்கூட, "இவன் மேல் சட்ஜத்துல அழுதாம் பாரு, நல்லா வருவான்" என்பார். டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் வெட்கத்தோடு வாசலில் நின்றபோது, "உள்ள வாங்கண்ணே, ஒங்க வண்டியவிட ஒங்க தொண்ட நல்லாத்தான் இருக்கும்" என்று அழைத்துக்கொண்டார். சர்ச் பாடகர் குழுவுக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் அவர் பழக்கிய அதே தொண்டைகள்தாம் போயின.

அவரிடம் ஒரு சுதிப்பெட்டி இருந்திருக்கிறது. எங்கள் மலையின் மழை அதன் துருத்தியைப் பூஞ்சையாக்கித் தின்றுவிட்டது. அதன் பிறகு அவருடைய சுதி, தொழிற்சாலைச் சங்கு.

சிரிக்க வேண்டாம், நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தாம். மாலை நாலரைக்குக் கொழுந்து எடுப்பு முடிந்ததை அறிவிக்க அது ஊதும். அதற்கு முன்பே காப்பக முற்றத்தில் வாயை மூடிக்கொண்டு வரிசையாக நிற்போம். ஓசை கீழிருந்து எழும்பி, ஓர் உயரத்தில் சிறிது நேரம் நின்று, பிறகு சரியும். "ஏறும்போதும் எறங்கும்போதும் அத நம்பாதீங்க. நிக்கும்போது புடிங்க" என்பார் டீச்சர். பிடித்ததை முனகியபடியே, ஒரு வார்த்தை பேசாமல், உள்ளே போய் உட்கார வேண்டும். வழியில் யாராவது சிரித்துக் கலைத்துவிட்டால் அன்றைக்குப் பாட்டுக் கிடையாது. "போச்சா? சரி, இன்னைக்குத் தாளம் மட்டும். சுதி நாளைக்கு வரும்." ஆறு ஆண்டுகள் இப்படிப் படித்தேன். கலைத்தவர்களின் பட்டியலில் என் பெயர் முன்னணியில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சமூகப்பணியில் பட்டம் பெற்று லயத்துக்குத் திரும்பியபோது அதே சங்கு எனக்கு வேறு விதமாகக் கேட்டது. காலையில் இரண்டாம் சங்குக்குப் பிறகு வரும் பெண்களை வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மேட்டில் மூச்சிரைக்க ஓடும் பெண்களைப் பார்த்துக் கொதித்தேன். ஒரு மனு எழுதினேன். 'சங்கொலிக்கு ஓடும் மந்தையல்ல நாங்கள். தோட்டத்தில் இனி எந்தச் சங்கும் ஒலிக்கக் கூடாது' என்ற வாக்கியத்தை மூன்று முறை திருத்தி, பிறகு நானே பலமுறை வாசித்து மகிழ்ந்தேன்.

கையெழுத்துக்காக டீச்சர் வீட்டுக்கும் போனேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"காலச் சங்கு மட்டுமாட்டி, இல்ல சாயங்காலச் சங்கும் சேத்தா?"

"எல்லாந்தான் டீச்சர்."

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாதென்று இத்தனை ஆண்டுகள் என்னையே நம்பவைக்க முயன்றேன், முடியவில்லை. மனுவில் 'காலை' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதும். சேர்த்தால் வாக்கியத்தின் மிடுக்குக் குறைந்துவிடும் என்று பட்டது.

"உங்களுக்கு ஒரு போன் வாங்கி அதுல சுதி போட்டுத் தாரேன் டீச்சர். இதவிடச் சுத்தமா இருக்கும்."

"சரிட்டி. பொம்பளையளுக்கு நல்லதுன்னா சரி" என்று, உருண்டையான எழுத்தில் கையெழுத்திட்டார்.

நிர்வாகம் ஒரே மாதத்தில் ஒப்புக்கொண்டது. அந்த வேகமே என்னைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். சங்கை நிறுத்தி, கைரேகை இயந்திரம் ஒன்றை மாட்டினார்கள். அடுத்த வீட்டுச் செல்வி அக்கா ஒருநாள் சொன்னார்: "சங்கு ஊதுறவரு நாங்க ஓடியாரதப் பாத்தா கொஞ்சம் இழுத்து ஊதுவாரு. இந்த மிசினு யாரப் பாக்குது? நல்லா எழுதுன தாயி." அதற்குள் எனக்குப் பாலக்காட்டில் வேலை கிடைத்திருந்தது. சமூகத் திட்டங்களின் விளைவுகளைப் பற்றி வகுப்பெடுக்கும் வேலை.

ஒன்றரை ஆண்டு கழித்து டீச்சரைப் பார்க்கப் போனேன். ஏலப்பாறையில் பேருந்தை விட்டு இறங்கியபோதுதான் போன் வாங்கித்தருவதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டேன்.

காப்பக முற்றம் வெறிச்சோடியிருந்தது. "கிளாஸ நிறுத்திட்டேன்" என்றார், வருத்தம் காட்டாமல். "கொஞ்ச நாள் ஞாபகத்துல சுதி குடுத்துப் பாத்தேன். என் தொண்டைக்கும் வயசாகுதுல்லா. நாளுக்கு நாள் கீழ எறங்குது, எனக்கே தெரியுது. பிள்ளையளுக்குத் தப்பாச் சொல்லிக்குடுக்கக் கூடாதுட்டி." நான் ஒரே ஒரு மனுவில் செய்யத் தவறியதை அவர் ஒவ்வொரு மாலையும் செய்திருக்கிறார்: தன்னால் பிறருக்குக் கேடு வருமா என்று காது கொடுத்துப் பார்த்திருக்கிறார். நான் போனைப் பற்றிப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆப்பிளை நறுக்கி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்: "ஏட்டி, ஒன்கிட்ட அந்தச் சங்கோட சுதி இருக்கா? இருந்தா ஒருதரம் குடு. நான் புடிச்சுக்கிடுதேன்."

முயன்றேன். வெட்கத்தை வைத்துக்கொண்டு பாடினால் எந்தச் சுரம் நிற்கும்? கண்ணை மூடிக் கேட்டார்.

"கிட்டத்துலதான் இருக்கு. ஆனா அது இல்லட்டி. சரி, சாப்பிடு."

அதன் பிறகு அவர் மலையிறங்கித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த மழைக்காலத்தில், இறந்துவிட்டதாகவும். தொழிற்சாலை இப்போது பூட்டிக் கிடக்கிறது. காப்பகத்தின் கூரைத் தகடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சங்கு இருந்த கம்பம் மட்டும் நிற்கிறது.

என் மகளிடம், போனில் வருவதையே பாடச் சொல்லிவிட்டேன். அவள் தூங்கப்போன பின் அடுப்பங்கரையைத் துடைத்தபடி அந்த இடத்தை மறுபடி முனகிப் பார்த்தேன். அசையாமல் நின்றது. அதுதான் என்று என் தொண்டை சொல்கிறது. சரிதானா என்று கேட்டுச் சொல்லக்கூடிய ஒரே காது இப்போது இல்லை.